பழைய வேகக் கார்: எதை உடனே மாற்ற வேண்டும், எது காத்திருக்கலாம்?

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் நினைக்கலாம். கடந்த 20 ஆண்டுகளில் வந்த எந்தப் பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டாலும், அதன் எஞ்சினை நடத்துவது ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். அதை இ.சி.யூ. என்பார்கள். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையெல்லாம் இது நொடிக்குப் பல முறை கணக்கிடுகிறது. அந்தக் கணக்கை நம் வீட்டு லேப்டாப்பிலோ மொபைல் போனிலோ நாமே பார்க்க முடியும். அதை வைத்து, அதிகம் ஓடிய ஒரு பழைய காருக்கு எந்த வேலை தேவை, எது தேவை இல்லை என்று முடிவெடுப்பது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

அதோடு இன்னொன்றையும் பார்க்கப் போகிறோம். இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. உயிருக்கும் எஞ்சினுக்கும் ஆபத்தானவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம்?

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவு வைத்த வெளிநாட்டுக் கார்தான் நினைவுக்கு வரும். நம் பட்ஜெட்டில் அந்த ஆசையைத் தீர்த்து வைத்தவை வேகமான செடான் கார்கள். அவற்றில் சில தமிழ்நாட்டிலேயே தயாரானவை. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சர், சீடியா, மறைமலை நகரில் ஃபோர்டு தயாரித்த ஐகான் 1.6, ஃபியஸ்டா 1.6 போன்றவற்றைச் சொல்லலாம். இன்று இவை எல்லாமே பழைய கார்கள். மறைமலை நகர் ஆலையில் கார் தயாரிப்பு 2022ல் நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டில் இவை குறைந்த விலைக்குக் கிடைப்பதால், இளைஞர்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். 2010 மாடல் ஃபியஸ்டா 1.6. எஞ்சின் 1596 சி.சி., 101 குதிரைத் திறன். ஓடோமீட்டரில் 1,48,000 கி.மீ. திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டே வாரத்தில் 'செக் எஞ்சின்' விளக்கு எரிந்தது. அதற்குப் பின் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதைச் சொல்வதற்கு முன், தேவையான சாமான்களைப் பார்த்துவிடுவோம்.

கனெக்டரைத் தேடுங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். 16 பின் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கும். இதற்கு ஓபிடி போர்ட் என்று பெயர். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓபிடியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்ட ஓபிடியும் கட்டாயம் ஆனது. அதற்கு முந்தைய கார்களில் சட்டப்படி தேவை இல்லை. ஆனாலும் வெளிநாட்டுச் சந்தையையும் மனதில் வைத்து வடிவமைக்கப்பட்ட பல கார்களில் இது இருக்கிறது.

கனெக்டர் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே எந்தெந்தப் பின்னில் உலோகம் தெரிகிறது என்று பாருங்கள். 4, 5 எர்த். 16 பேட்டரி. 6, 14 இரண்டிலும் பின் இருந்தால் அந்தக் கார் 'கேன்' என்ற முறையில் பேசக்கூடும். 7ல் மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய முறை. பழைய கார்களில் சில, கம்பெனியின் சொந்த ஸ்கேனருக்கு மட்டுமே பதில் சொல்லும். எனவே அடாப்டர் வாங்கும் முன், அதே கார் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடாப்டர் வாங்கும்போது

கடைகளில் 'இ.எல்.எம். 327' என்ற பெயரில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அடாப்டர் கிடைக்கும். இந்தச் சிப்பை வடிவமைத்தது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ். அந்த நிறுவனம் 2022ல் மூடப்பட்டுவிட்டது. முதல் பதிப்பில் காப்பி செய்வதைத் தடுக்கும் வசதியைப் போடாமல் விட்டதால், உலகம் முழுக்க நகல்கள் வந்துவிட்டன. மிக மலிவான நகல்களில் பல கட்டளைகள் வேலை செய்யாது. 'கார் பேசவில்லை' என்று நாம் நினைக்கும்போது, தவறு பெரும்பாலும் அடாப்டரில்தான் இருக்கும்.

ஆண்ட்ராய்டு போனுக்கு சாதாரண புளூடூத் அடாப்டர் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புளூடூத் லோ எனர்ஜி வகையை வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் அதற்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

சாஃப்ட்வேர்

ஆண்ட்ராய்டில் டார்க், கார் ஸ்கேனர் ஆகிய புரோகிராம்கள் பொதுவான தகவல்களைக் காட்டும். ஃபோர்டு, மாஸ்டா கார்களுக்கு விண்டோஸில் இயங்கும் ஃபோர்ஸ்கேன் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபியட் கார்களுக்கு மல்டி இ.சி.யூ. ஸ்கேன் இருக்கிறது.

லேப்டாப்பில் செய்ய வேண்டியது இதுதான்:

1. அடாப்டரை போர்ட்டில் செருகி, சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

2. விண்டோஸின் புளூடூத் பகுதியில் அடாப்டரை இணைத்திடுங்கள். பாஸ்வேர்ட் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

3. இணைந்ததும் விண்டோஸ் அதற்கு ஒரு காம் போர்ட் எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணை புரோகிராமின் செட்டிங்ஸில் தேர்வு செய்திடுங்கள்.

4. முதலில் ஃபால்ட் கோடுகளைப் படித்து சேவ் செய்யுங்கள். கூடவே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பகுதியையும் சேவ் செய்யுங்கள். தவறு நடந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை அது காட்டும்.

5. சேவ் செய்யாமல் 'கிளியர்' பட்டனைத் தொடாதீர்கள். தொட்டால் கோடும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்தே அழிந்துவிடும்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. விற்பவர் காட்டும்போது விளக்கு எரியாமல் இருக்கலாம். 'ரெடினெஸ் மானிட்டர்' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், யாரோ அண்மையில் கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கோடு அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் பல கார்கள் காட்டும். அது 12 கி.மீ. என்று இருந்தால் காரணத்தைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கோடு சொல்வது அறிகுறி, பாகம் அல்ல

என் காரில் வந்த கோடு பி 0171. 'எரிபொருள் கலவையில் பெட்ரோல் குறைவு' என்பது அதன் பொருள். நான் காட்டிய ஒர்க் ஷாப்பில் கோடைப் பார்த்ததும், "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றார்கள். மாற்றினோம். நான்காயிரத்துச் சொச்சம் ஆனது. மூன்றாவது வாரம் அதே விளக்கு, அதே கோடு.

யோசித்துப் பார்த்தால் இது சாஃப்ட்வேரில் நாம் தினமும் பார்ப்பதுதான். எர்ரர் மெசேஜில் ஒரு ஃபைலின் பெயர் வந்தால், தவறு அந்த ஃபைலில்தான் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தவறு வேறெங்கோ இருக்க, அது கண்ணில் பட்ட இடம் அந்த ஃபைல். ஆக்சிஜன் சென்சாரும் அப்படித்தான். 'பெட்ரோல் குறைவு' என்று சரியாகவே தகவல் சொன்ன சென்சாரை நாங்கள் தூக்கிப் போட்டுவிட்டோம்.

அப்புறம்தான் 'ஃப்யூயல் டிரிம்' என்ற எண்ணைப் பார்த்தேன். இ.சி.யூ. தன் அட்டவணையில் இருப்பதைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகவோ குறைவாகவோ பெட்ரோல் தெளிக்கிறது என்பதே இது. என் காரில் ஐடிலில் கூடுதலாக 19. எஞ்சினை 2500 சுற்றில் வைத்தால் கூடுதலாக 7 மட்டும். இந்த வித்தியாசம்தான் துப்பு. ஐடிலில் எஞ்சின் குறைந்த காற்றையே இழுக்கிறது. அப்போது சின்ன ஓட்டை வழியாக நுழையும் காற்றுகூடப் பெரிய பங்காகிவிடும். சுற்று கூடும்போது அதே ஓட்டையின் பங்கு சிறிதாகிவிடும். இதற்கு மாறாக, ஐடிலில் சரியாக இருந்து, மேடு ஏறும்போது டிரிம் கூடினால் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டினேன். இன்டேக்கில் புகை விட்டுப் பார்த்தார். எஞ்சினின் பின்பக்கம் ஒரு ரப்பர் ஹோஸில் விரல் நக அளவுக்கு வெடிப்பு. ஹோஸின் விலை சென்சார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெட்ரோல் பங்குகளில் 2025 முதல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஏற்ற அட்டவணை உள்ள காரில் டிரிம் கிட்டத்தட்ட 8 வரை கூடுவது இதனாலேயே நடக்கலாம். அதைப் பார்த்து எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். ஐடிலுக்கும் 2500 சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

பாபநாசம் வரை ஒரு டெஸ்ட்

காரை நிறுத்தி வைத்துப் பார்த்தால் பாதி விஷயம்தான் தெரியும். ஓடும்போது பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தாமிரபரணிக் கரையைப் போல வசதியான இடம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை ஏறக்குறைய சமதளம். அங்கிருந்து காரையாறு அணைக்குப் போகும் சாலை மலை ஏற்றம். திரும்பி வரும்போது இறக்கம். வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில் போய்வாருங்கள். ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது. பதிவைத் தொடங்குவது, நிறுத்துவது எல்லாம் பக்கத்தில் இருப்பவர் வேலை.

பதிவை சி.எஸ்.வி. ஃபைலாக சேவ் செய்து, ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து கிராஃப் போடுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு.

கூலன்ட் வெப்பம்: காலையில் குளிர்ந்த எஞ்சினில் தொடங்கினால் சீராக ஏறி, 90 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். சமதளத்தில் 70ஐத் தாண்டாமல் தவித்தால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. ஏற்றத்தில் 100ஐத் தாண்டி இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், ஓரமாக நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும்.

மின்னழுத்தம்: எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது.

ஃப்யூயல் டிரிம்: மேலே சொன்னபடி.

மிஸ்ஃபயர்: பி 0301 முதல் 0304 வரையிலான கோடுகளில் கடைசி எண், தகராறு செய்யும் சிலிண்டரின் எண். அந்தச் சிலிண்டரின் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் காயில், இன்ஜெக்டர் என்று அடுத்தடுத்துப் போகலாம். ஒரு பாகமும் வாங்காமல் செய்யும் சோதனை இது.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதவை

அன்று ஹோஸை மாற்றிய கையோடு, அண்ணாச்சி டைமிங் பெல்ட்டின் மேல் மூடியைக் கழற்றிக் காட்டினார். பெல்ட்டின் முதுகில் வரிவரியாக வெடிப்பு. "தம்பி, இதை எப்போ மாத்துனாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பழைய பில் எதிலும் அது இல்லை.

லேப்டாப்பில் பக்கம் பக்கமாக கிராஃப் போட்டிருந்தேன். அதில் ஒரு கோடுகூட இந்த பெல்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அங்கே சென்சார் கிடையாது. அறுகிற நொடி வரை எல்லா எண்களும் சரியாகவே இருக்கும். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளலாம். அந்தச் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். அந்த பெல்ட்டோடுதான் அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு காரையாறு வரை போய் வந்திருக்கிறேன்.

எல்லாக் கார்களிலும் பெல்ட் கிடையாது. ஐகான் 1.6ன் ராக்காம் எஞ்சினில் செயின். ஃபியஸ்டா 1.6, லான்சர் ஆகியவற்றில் பெல்ட். உங்கள் காரில் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இதைப் போல சென்சார் இல்லாத பாகங்கள் இன்னும் உண்டு.

பிரேக் ஆயில்: காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் சேர்ந்தால் அது 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்து வரும்போது ஆயில் கொதித்தால், பெடல் அப்படியே தரையைத் தொடும்.

டயர்: பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது.

கூலன்ட்: வெப்பத்தைக் காட்டும் சென்சார் உண்டு, தரத்தைக் காட்டும் சென்சார் இல்லை. "தாமிரபரணித் தண்ணி நல்ல தண்ணிதானே" என்று ரேடியேட்டரில் ஊற்றுபவர்கள் நம் பக்கம் அதிகம். குடிக்க நல்ல தண்ணீர்தான். ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை. உப்பும் படியும். கூலன்டையும் சுத்திகரித்த நீரையும் கம்பெனி சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள்.

பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், பெட்ரோல் ஹோஸ் ஆகியவற்றை லிஃப்டில் ஏற்றிக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களில் கூடுதல் கவனம் தேவை.

ஸ்ப்ரெட்ஷீட்டில் முடிவெடுப்போம்

இப்போது எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் கொண்டு வரலாம். எக்செல், கால்க் எதுவானாலும் சரி. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி. தேவையான காலங்கள்: கடைசியாக மாற்றிய தேதி, அப்போதைய கி.மீ., கையேடு சொல்லும் இடைவெளி தூரத்திலும் ஆண்டிலும், விளைவு மதிப்பெண்.

விளைவு என்பது, அந்தப் பாகம் கெட்டால் என்ன ஆகும் என்பது. உயிருக்கோ எஞ்சினுக்கோ ஆபத்து என்றால் 5. நடுவழியில் நிற்கும் என்றால் 3. மைலேஜ் குறையும், சத்தம் வரும் என்றால் 1. இடையில் உள்ளவற்றுக்கு 4, 2.

மாற்றிய பின் ஓடிய தூரத்தை இடைவெளித் தூரத்தால் வகுங்கள். கடந்த ஆண்டுகளை இடைவெளி ஆண்டுகளால் வகுங்கள். இரண்டில் எது பெரியதோ அதை மேக்ஸ் ஃபங்ஷன் மூலம் எடுத்து, விளைவு மதிப்பெண்ணால் பெருக்குங்கள். மாற்றியதற்கு பில் இல்லை என்றால், கார் தயாரான தேதியையே எழுதுங்கள். 'போன வருஷம்தான் மாத்துனோம்' என்ற வாய்வார்த்தைக்கு இந்த ஷீட்டில் இடம் கிடையாது.

என் 15 வயதுக் காரின் கணக்கு இது. இடைவெளிகளை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரின் கையேட்டில் இருப்பதையே நீங்கள் எழுத வேண்டும்.

பிரேக் ஆயில்: 5 ஆண்டு ஆனது, இடைவெளி 2. விகிதம் 2.5, விளைவு 5. மொத்தம் 12.5.

கூலன்ட்: பில் இல்லை, எனவே 15 ஆண்டு. இடைவெளி 5. விகிதம் 3, விளைவு 4. மொத்தம் 12.

டைமிங் பெல்ட்: பில் இல்லை, 15 ஆண்டு. இடைவெளி 10. விகிதம் 1.5, விளைவு 5. மொத்தம் 7.5.

எஞ்சின் ஆயில்: 6,000 கி.மீ. ஓடியது, இடைவெளி 10,000. விகிதம் 0.6, விளைவு 4. மொத்தம் 2.4.

ஸ்பார்க் பிளக்: 28,000 கி.மீ. ஓடியது, இடைவெளி 40,000. விகிதம் 0.7, விளைவு 2. மொத்தம் 1.4.

மொத்தத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக சார்ட் செய்திடுங்கள். விகிதம் 1ஐத் தாண்டி, விளைவு 4 அல்லது 5 இருப்பவை எல்லாம் இந்த மாதமே முடிக்க வேண்டியவை. என் பட்டியலில் முதலில் வந்த பிரேக் ஆயில்தான் மூன்றிலும் செலவு குறைந்தது. விளைவு மதிப்பெண் 1, 2 இருப்பவற்றுக்கு அவசரம் இல்லை. அளந்து பார்த்துக் கெட்டது உறுதியானால் மட்டும் மாற்றலாம். விலையைக் கடைசிக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே எழுதினால் கை தானாகவே பெல்ட்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளும்.

நம் ஊருக்கு ஒரு திருத்தம்

கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். புழுதி, கடும் வெயில், மலைச் சாலை, அடிக்கடி சிறு தூர ஓட்டம் ஆகியவை இதில் வரும். நம் மாவட்டத்தில் பலருக்கு இதுதான் பொருந்தும். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் ஓடும் காரின் ஏர் ஃபில்டரை, டவுனில் ஓடும் காரோடு ஒப்பிட முடியாது. உவரி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் நின்ற காராக இருந்தால், அடியில் துருவைப் பாருங்கள்.

இன்னொன்று வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு ஏராளமான கார்கள் மூழ்கின. அவற்றில் சில சுத்தம் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டின் கீழே தாழ்வாக இருக்கும் ஓபிடி கனெக்டரின் பின்களில் பச்சையாகப் பூத்திருந்தால், அதுவரை தண்ணீர் ஏறியிருக்கலாம். அப்படிப்பட்ட காரை எந்த ஸ்ப்ரெட்ஷீட்டாலும் காப்பாற்றுவது கடினம்.

15 ஆண்டு முடிந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்ட வேண்டும். அதற்கு முன் இந்த ஷீட்டைத் தயாரித்துவிட்டால், காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

என் காரில் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலன்ட், பிரேக் ஆயில் ஐந்தையும் ஒரே முறையில் முடித்தோம். வாட்டர் பம்ப் கெடவில்லை. ஆனால் அதை எட்ட எப்படியும் பெல்ட் பக்கத்தைப் பிரிக்க வேண்டும், லேபர் ஒன்றுதான் என்பதால் சேர்த்து மாற்றினோம். ஷாக் அப்சார்பருக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் இதில் போய்விட்டது. கார் பள்ளத்தில் இறங்கினால் இப்போதும் லேசாகச் சத்தம் வருகிறது. ஷீட்டில் அதற்கு 1 மதிப்பெண். காத்திருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரின் பில்களை எல்லாம் எடுத்து வைத்து, முதலில் தேதிகளை மட்டும் ஷீட்டில் நிரப்புங்கள். அடாப்டர் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.